தோல்சீவல் அடைத்த சைலன்சர்

இன்பராஜின் வண்டி முக்கில் திரும்பும்போதே எழிலரசி தன் கைக்குழந்தையின் காதுகளைப் பொத்திவிடுவாள். பொத்திக்கொண்டே வாசலுக்கு வந்து நின்று திட்டுவாள். அந்த லைன் வீட்டில் அவளுக்கு அடுத்த கதவு அவனுடையது. வாய் அசைவதைப் பார்த்தே திட்டுகிறாள் என்று அவனுக்குத் தெரியும். என்ன திட்டு என்பதும் அநேகமாகத் தெரியும். நாற்பத்து நான்கு வயதில், காதுக்கு மேலே இரண்டு பக்கமும் நரை விழுந்த பிறகு, ஒரு பழைய நூறு சிசி வண்டியை இந்தச் சத்தத்தில் ஓட்டுகிறவனை வேறு என்ன சொல்வார்கள்?

“இன்னும் மைனர்னு நெனப்பு.”

அவன் தலையை ஆட்டிவிட்டுப் பூட்டைத் திறப்பான்.

ஆம்பூரில் சத்தம் போடும் வண்டிகளுக்குப் பஞ்சமில்லை. பைபாஸ் ஓரத்து டீக்கடையில் சாயங்காலம் ஐந்தாறு வண்டிகள் நிற்கும். ஷூ கம்பெனியில் சூப்பர்வைசராக இருக்கும் ஃபைஸான்தான் அந்தக் கூட்டத்துக்குத் தலைவன். இன்பராஜ் வந்து இறங்கினால் இடம் விடுவான்.

“வண்டி பழசு, சவுண்டு புதுசு. இன்னா மாமா செட்டிங்கு?”

“தானா ஓட்டை உழுந்துச்சு.”

“உடுங்க மாமா. நாங்க தலைகீழா நின்னாலும் இந்த மாதிரி வரமாட்டேங்குது, உங்களுக்குத் தானா உழுந்துச்சா?”

“உனக்கு எதுக்குடா இவ்ளோ சத்தம்?”

ஃபைஸான் கிளாஸைக் கீழே வைத்தான். “சும்மா போனா எவன் திரும்புறான்? சத்தம் போட்டா திட்றதுக்காவது திரும்புவான்ல.”

எல்லோரும் சிரித்தார்கள். இன்பராஜும் சிரித்தான், அவர்கள் சிரிப்பதைப் பார்த்துவிட்டு, ஒரு கணம் தள்ளி.

அவன் காரணம் வேறு. அதை யாரிடமும் சொன்னதில்லை. இன்பராஜுக்குக் காது போய்க்கொண்டிருந்தது.

இருபத்தொரு வருஷமாகத் தோல் பதனிடும் டேனரியில் சேவிங் மிஷின் வேலை. குரோம் உப்பில் ஊறி நீலம் பாய்ந்த ஈரத் தோலைச் சுழலும் கத்திக்குக் கொடுத்து, வேண்டிய கனத்துக்குச் சீவி எடுக்க வேண்டும். கத்தி தோலில் படும்போது எழும் அலறலில் மனிதக் குரலுக்கு வேலையில்லை. அங்கே எல்லோரும் கையால் பேசுவார்கள். இரண்டு விரல் என்றால் இன்னும் கனம் கம்மி பண்ணு. உள்ளங்கையைக் கவிழ்த்தால் டீ. காலடியில் சீவல் நீலப் பஞ்சு மாதிரி முழங்கால் வரை குவியும். வெளிநாட்டுப் பார்ட்டி பார்வையிட வரும் நாளில் மட்டும் மஞ்சள் நிறத்தில் காதடைப்பான் கொடுப்பார்கள். பார்ட்டி கார் ஏறியதும் அதைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொள்வது இவர்கள் வழக்கம். காதை அடைத்துக்கொண்டால் தலை சுற்றும் என்று சொன்னவர்களில் இன்பராஜும் ஒருவன்.

வருஷத்துக்கு ஒருமுறை காது சோதிக்க வேன் வரும். மிஷினுக்கு முன்னால் ஒரு பெண் உட்கார்ந்து பட்டனை அழுத்துவாள். சத்தம் கேட்டால் இவன் கை தூக்க வேண்டும். அவள் போட்டிருந்த மூக்குக்கண்ணாடியில் அவள் விரல் தெரிந்தது. அதைப் பார்த்து மூன்று வருஷமாகச் சரியாகக் கை தூக்கிக்கொண்டிருந்தான்.

முதலில் போனது குக்கர் விசில். அப்புறம் செல்போன் மணி. அப்புறம் பெண்களின் குரல். ஆண்கள் பேசினால் பாதி விளங்கும், மீதியை உதட்டில் பிடித்துக்கொள்வான். பிரிசில்லாவின் குரல் மெல்லிசு. ஷூ கம்பெனியில் நாள் முழுக்கத் தைத்துவிட்டு, கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கி, அடுப்புப் பக்கம் திரும்பி நின்றுகொண்டுதான் அவள் எல்லாவற்றையும் சொல்வாள். அவள் முதுகை மட்டும் பார்த்தபடி இவன் உட்கார்ந்திருப்பான். “சுவத்துகிட்ட பேசுற மாதிரி இருக்குது” என்று ஒருநாள் திரும்பி நின்று சொன்னாள். அது விளங்கியது. அதற்கும் பதில் சொல்லவில்லை. நான்கு வருஷத்துக்கு முன்னால் மகளைக் கூட்டிக்கொண்டு ஒடுகத்தூரில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தைதான். திமிர் பிடித்தவன் என்று பேர் எடுத்தவனுக்குக் கம்பெனியில் மிஷின் இருக்கும், டீக்கடையில் இடம் இருக்கும். செவிடன் என்று பேர் எடுத்தால் இரண்டும் இருக்காது. அப்படித்தான் கணக்குப் போட்டான். பெண்டாட்டி அந்தக் கணக்கில் வரவில்லை.

டேனரியில் வண்டி நிறுத்தும் இடம் பச்சைத் தோல் இறக்கும் கொட்டகையை ஒட்டியிருந்தது. தோலோடு வரும் உப்பு எந்த இரும்பையும் விடாது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் சைலன்சர் இற்றுப்போய் ஓட்டை விழுந்தது. அன்று வீட்டுக்கு வரும் வழியில் இன்பராஜ் தன் வண்டி ஓடுவதைக் கேட்டான். ஐந்தாறு வருஷமாக அது தொடையில் படும் நடுக்கமாக மட்டும் இருந்தது. பாதி வழியில் ஓரம் கட்டி நிறுத்திவிட்டு, நின்ற இடத்திலேயே திரும்பத் திரும்ப முறுக்கிப் பார்த்தான்.

மெக்கானிக் வக்கார் அகமது குனிந்து பார்த்தார். “பத்த வச்சு அடைச்சுடலாம்.”

“வேணாம் பாய். உள்ள இருக்கிற பைப்பையும் உருவிடு.”

“பேஜார் பண்ணாத இன்பராஜு. ஊர்ல காது இருக்கிறவன் யாரும் குடித்தனம் பண்ணவேணாமா?”

“உருவு பாய்.”

உருவினார். காதுள்ளவர்கள் திட்டினார்கள்.

இன்னொன்றும் நடந்தது. அது அவன் எதிர்பார்க்காதது. ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு, ஜெபம் முடிந்த பிறகு, ஒடுகத்தூருக்குப் போய் நிஷாவைக் கூட்டிக்கொண்டு எங்காவது சுற்றிவிட்டு இரண்டு மணி நேரத்தில் திரும்பக் கொண்டுவந்து விடலாம் என்று அந்த மாதம்தான் ஏற்பாடாகியிருந்தது. வீட்டுக்குள் இவன் போவதில்லை. பேர் சொல்லிக் கூப்பிடுவதும் இல்லை. வண்டி சத்தம் தெருவுக்குள் நுழைந்ததும் இரண்டு காரியம் நடக்கும். சமையலறை ஜன்னல் மூடிக்கொள்ளும். கேட் திறந்து நிஷா வருவாள். ஜன்னல் மூடுகிறது என்றால் பிரிசில்லா வீட்டில் இருக்கிறாள். அது அவளிடமிருந்து இவனுக்குக் கிடைக்கும் ஒரே பதில்.

வண்டியில் ஏறியதும் நிஷா இவன் தோளில் தாடையை வைத்து, வலது காதோடு வாயை வைத்துக் கத்துவாள். சத்தத்துக்கு மேலே பேச வேறு வழியில்லை. “ப்பா, கெமிஸ்ட்ரி மிஸ் மாறிட்டாங்க!” “ப்பா, எனக்கு நர்சிங் வேணாம்!” ஒவ்வொரு வார்த்தையும் மூச்சுச் சூட்டோடு உள்ளே போனது. அவள் சொன்னது எல்லாம் கேட்டது. இவனும் கத்திப் பதில் சொன்னான். வண்டியில் கத்துகிறவனை யாரும் செவிடன் என்று சொல்லமாட்டார்கள். வாரத்தில் இரண்டு மணி நேரம் அவன் மகளோடு பேசினான். மீதி நாட்களுக்கு அது போதுமானதாக இருந்தது.

பிப்ரவரி மாதம் ஒரு சனிக்கிழமை, மதிய சாப்பாட்டு நேரத்தில் செல்போனில் நிஷாவின் மெசேஜ் வந்தது.

‘ப்பா நாளைக்கு சத்தம் இல்லாம வா. தெருவே சிரிக்குது. பரீட்சைக்குப் படிக்கிற புள்ளைங்க இருக்காங்கன்னு பக்கத்து வீட்ல சண்டைக்கு வந்துட்டாங்க. சத்தத்தோட வர்றதா இருந்தா வராத.’

வராத என்பதை மட்டும் அவன் பலமுறை படித்தான்.

சாயங்காலம் வக்கார் அகமதுவிடம் போனான். அவர் சிரித்தார்.

“ரெண்டு வருஷமா நான் சொன்னேன், கேட்டியா? இப்ப யார் சொன்னா?”

“பொண்ணு.”

அவர் சிரிப்பை நிறுத்தினார். “இந்த மாடல் இப்ப வர்றதில்ல. வேலூர்ல சொல்லித்தான் எடுக்கணும். செவ்வாய்க்கிழமை ஆகும்.”

“நாளைக்கு வேணும் பாய்.”

“நாளைக்கு நான் எங்க போவேன்? ரேஸ் வண்டிக்காரனுங்க சைலன்சருக்குள்ள கண்ணாடிப் பஞ்சு சுத்துவானுங்க, அதுல சத்தம் கொஞ்சம் அடங்கும். அதுவும் என்கிட்ட இல்ல. பஸ்ல போய்ட்டு வா.”

பஸ்ஸில் போனால் மகளை எதில் ஏற்றுவது?

பஞ்சு என்றதும் அவனுக்குத் தன் காலடிதான் ஞாபகம் வந்தது. குரோம் தோல் சாமானியத்தில் எதற்கும் அசையாது. கொதிக்கும் தண்ணீரில் துண்டு வெட்டிப் போட்டு, மூன்று நிமிஷம் கழித்து எடுத்து அளந்து பார்ப்பார்கள். சுருங்கவில்லை என்றால் தோல் பாஸ். இருபத்தொரு வருஷத்தில் அப்படி ஆயிரம் துண்டுகளைப் பார்த்திருக்கிறான். கொதியைத் தாங்குகிற தோல் புகைச் சூட்டைத் தாங்காதா? வாட்ச்மேனிடம் சொல்லி டேனரிக்குள் போய், உலர்ந்த சீவலாகப் பார்த்து ஒரு கோணிப்பை நிறையக் கொண்டுவந்தான். கொசுவலைக் கம்பியை உருளையாகச் சுருட்டிச் சைலன்சருக்குள் விட்டான். நடுவில் புகை போக வழி விட்டு, சுற்றிலும் சீவலைக் கெட்டியாகத் திணித்தான். ஓட்டையின் மேல் தகரம் வைத்துக் கம்பி கட்டினான். லைன் வீட்டு வாசலில் வண்டியைக் கிளப்பினான். அவனுக்கு ஒன்றும் கேட்கவில்லை. எழிலரசி குழந்தையோடு எட்டிப் பார்த்தாள். குழந்தையின் காதில் அவள் கை இல்லை.

“இன்னாண்ணா, வண்டி செத்துடுச்சா?” என்றாள்.

இது உதட்டில் தெளிவாகத் தெரிந்தது. அவன் திருப்தியோடு என்ஜினை நிறுத்தினான்.

மறுநாள் மாதனூர் வந்து, அங்கே திரும்பி, நிலக்கடலைக் கொல்லைகளுக்கு நடுவே ஒடுகத்தூர் ரோட்டில் போனான். வழியில் இரண்டு தடவை கையை என்ஜின் மேல் வைத்து வண்டி ஓடுகிறதா என்று பார்த்துக்கொண்டான். ஒரு பஸ் பின்னாலேயே வந்து, எப்போது ஹாரன் அடித்தது என்று இவனுக்குத் தெரியாமலே, உரசிக்கொண்டு தாண்டியது. எதிரே வந்தவர்கள் மூக்கைப் பிடித்தார்கள். இவனுக்கு விளங்கவில்லை. டேனரியில் இத்தனை வருஷம் இருந்தவனுக்கு மூக்கும் பாதிதான்.

தெருவுக்குள் நுழைந்து மூன்றாவது வீட்டு வாசலில் நின்றான். யாரும் வரவில்லை. ஏன் வரவில்லை என்று யோசிக்கக் கொஞ்ச நேரம் ஆனது. தான் வந்திருப்பது யாருக்கும் தெரியாது.

ஜன்னல் திறந்திருந்தது.

உள்ளே பிரிசில்லா முறத்தில் பருப்பு பார்த்துக்கொண்டிருந்தாள். நான்கு வருஷத்துக்குப் பிறகு இப்போதுதான் அவளைப் பார்க்கிறான். கண்ணாடி போட்டிருந்தாள். கல்லைப் பொறுக்கி ஓரமாக வைத்துக்கொண்டே யாரிடமோ ஏதோ சொன்னாள், சிரித்தாள். இவன் வண்டிமேல் அப்படியே உட்கார்ந்திருந்தான். கூப்பிட்டிருந்தால் நிஷா வந்திருப்பாள். கூப்பிடவில்லை.

பிரிசில்லாவின் கை நின்றது. மூக்கைச் சுளித்தாள். தோல் கருகும் வாடை, முடி கருகுவது போல. ஆம்பூரில் குடித்தனம் செய்த யாருக்கும் அதை மறக்க முடியாது. நிமிர்ந்து ஜன்னல் வழியே பார்த்தாள். இவனைப் பார்த்தாள். கை ஜன்னல் கதவுக்குப் போகும் என்று இவன் காத்திருந்தான். போகவில்லை. அவள் உள்பக்கம் பாதி திரும்பி, “நிஷா” என்றாள். அந்த இரண்டு எழுத்தின் உதட்டசைவு அவனுக்குத் தெரியும்.

நிஷா வந்தாள். பதினேழு வயது, போன வருஷத்தைவிட உயரம். வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “சூப்பர்ப்பா” என்றாள். துப்பட்டாவால் மூக்கையும் வாயையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். தோளில் தாடையை வைக்கவில்லை. சத்தம் இல்லாத வண்டியில் அதற்கு அவசியமில்லை. நேராக உட்கார்ந்து, வீட்டுக்குள் பேசுவது போலப் பேச ஆரம்பித்தாள்.

பேசுகிறாள் என்பது முதுகில் தெரிந்தது. என்ன பேசுகிறாள் என்பது தெரியவில்லை. அவன் இதை நினைத்துப் பார்த்திருக்கவில்லை. சைலன்சரைப் பற்றி மட்டும்தான் இரவெல்லாம் நினைத்திருந்தான். வலது பக்கக் கண்ணாடியை மெதுவாகத் திருப்பி அவள் முகத்துக்கு வைத்தான். கண்கள் தெரிந்தன. அதற்குக் கீழே துப்பட்டா.

“சரிம்மா” என்றான்.

அமிர்திக்குப் போய் மான் பார்த்துவிட்டு வரலாம் என்று முந்தின வாரமே பேசி வைத்திருந்தார்கள். அணைக்கட்டு ரோட்டில் திரும்பினான். மலை கிட்டே வந்தது. நிஷா என்னவோ சொன்னாள். “ஆமாம்மா” என்றான். மறுபடி சொன்னாள். குரல் உயர்ந்தது, வார்த்தை இல்லாமல் வெறும் ஓசையாக வந்தது. “பண்ணிடலாம்மா” என்றான். கண்ணாடியில் அவள் கண்கள் பெரிதாயின. இரண்டு கையாலும் இவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். பிரேக் போட்டான்.

குதித்து இறங்கி முன்னால் வந்து நின்றாள். துப்பட்டாவைக் கீழே தள்ளினாள். “தீயுதுப்பா! புகை வருது புகை வருதுன்னு எவ்ளோ நேரமா கத்துறேன்? நீ பாட்டுக்கு சரிம்மா சரிம்மாங்குற!”

இறங்கிப் பார்த்தான். தகரத்தின் இடுக்கில் மஞ்சள் புகை வந்துகொண்டிருந்தது. புளிய மரத்தடியில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர் முண்டாசுத் துணியை மூக்கில் வைத்துக்கொண்டு நகர்ந்து போனார்.

“கேக்கலையா உனக்கு?”

“காத்தும்மா.”

“காத்தே அடிக்கல.”

அவன் குச்சி ஒடித்து வந்து, கம்பியை அவிழ்த்து, சைலன்சரின் வாயில் விட்டுக் கிண்டினான். கறுத்து உருகிய கட்டிகள் ரோட்டில் விழுந்தன. நடுவில் சில இடங்களில் நீலம் இன்னும் மாறாமல் இருந்தது. நிமிர்ந்தபோது நிஷா அவனுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தாள். தோள் அசையவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பினாள்.

“நான் இப்ப இன்னா சொன்னேன்?”

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். கோபமா, அழுகையா என்று தெரியவில்லை.

“அமிர்திக்குப் போலாம்னு.”

“நான் ஒண்ணுமே சொல்லலப்பா. சும்மா திரும்பி நின்னேன்.”

இவன் குச்சியைக் கீழே போட்டான். கையைக் கால்சட்டையில் துடைத்தான். துடைத்த கையையே திரும்பத் துடைத்தான்.

“வீட்டுக்குப் போலாம்” என்றாள். அதை அவன் பார்க்கும்படி, மெதுவாக, உதட்டைத் திறந்து சொன்னாள். அது அவனுக்குப் பிடிக்கவில்லை. டேனரியில்கூட யாரும் அவனிடம் அப்படிப் பேசியதில்லை.

வண்டி இப்போது பழைய சத்தத்தோடு கிளம்பியது. ஒரு கிலோமீட்டர் போனது. பிறகு தாடை தோளில் வந்து உட்கார்ந்தது.

“அம்மாவுக்குத் தெரியுமா?”

“தெரியாது!”

“எத்தினி வருஷமா?”

“இருக்கும், எட்டு வருஷம்!”

“அப்ப அம்மா பேசினப்பலாம்?”

“கேக்கல!”

“சொன்னா இன்னா?”

அவன் முறுக்கினான். சத்தம் இன்னும் ஏறியது. அந்தச் சத்தத்தில் பதில் சொல்லாமல் இருந்தால் அது கேட்காமல் போனதாகவும் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அவள் இனிமேல் அப்படி எடுத்துக்கொள்ளமாட்டாள்.

“செவுடன்னு சொல்றதுக்குத் திமிரு புடிச்சவன்னு சொல்லிட்டுப் போட்டும்னு இருந்துட்டேன்!”

தாடை கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது. பிறகு எடுத்துக்கொண்டாள்.

ஒடுகத்தூரில் மாதா கோயில் முக்கு வந்ததும் தோளைத் தட்டினாள். நிறுத்தினான். தெருவுக்குள் வராதே என்று கையால் காட்டிவிட்டு இறங்கி நடந்தாள். சத்தத்தோடு தெருவுக்குள் போனால் பக்கத்து வீட்டில் சண்டை. அது நியாயம்தான். என்ஜின் ஓடிக்கொண்டே இருக்க, அவன் அவள் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தான். தெரு வளையும் இடத்தில் நிஷா திரும்பினாள். அவள் வாய் அசைந்தது.

இந்தத் தூரத்தில், இந்தச் சத்தத்தில், எந்தக் காதுக்கும் கேட்காது. ‘சரிம்மா’ என்று கை ஆட்டிவிட்டுப் போயிருக்கலாம். இன்பராஜ் சாவியைத் திருப்பி என்ஜினை அணைத்தான். உள்ளங்கையைக் குவித்துக் காதுக்குப் பின்னால் வைத்தான். முக்கு ஓரத்து இஸ்திரி வண்டிக்காரர் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு அவனைப் பார்த்தார்.

நிஷா கொஞ்சம் நின்றாள். ஒன்றுமில்லை என்று கையை அசைத்துவிட்டு வளைவுக்குள் போய்விட்டாள்.

கை காதிலேயே இருந்தது. அதை அவன் எடுப்பதற்குள் சட்டைப் பையில் செல்போன் அதிர்ந்தது.

‘அடுத்த சண்டே முக்குலயே நில்லு. உள்ள வராத. நானே அங்க வர்றேன். சத்தம் இருந்தா பரவால்ல.’

இரண்டு தடவை படித்தான். நல்ல செய்திதான். அடுத்த ஞாயிறு உண்டு. முக்கிலிருந்து தெருவைப் பார்த்தான். வளைவுக்கு அந்தப் பக்கம் மூன்றாவது வீடு. அந்த ஜன்னல் மூடினாலும் மூடாவிட்டாலும் இங்கிருந்து தெரியாது.

வண்டியை உதைத்துக் கிளப்பினான். சத்தம் வளைவைத் தாண்டிப் போகுமா என்று அவனால் சொல்ல முடியவில்லை. ஒருமுறை முறுக்கினான். இஸ்திரிக்காரர் என்னவோ சொல்லித் திட்டினார். இன்னொரு முறை முறுக்கினான்.